நிழல் விழாத அறுபத்திரண்டு வீடுகள்

மாடி அளக்கும் வேலையை வேலுத்தாய் தேடிப் போகவில்லை. சாத்தூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மகளின் கல்லூரிக்கு அனுப்ப வேண்டிய தாள்களை ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தாள். அவளுக்கு முன்னால் நின்ற இளம்பெண் ஒருத்தி கடைக்காரரிடம், "வெயிலுக்குப் பயப்படாத ஆள் நாலு பேர் வேணும்ண்ணே. பொம்பளைங்களா இருந்தா நல்லது, வீட்டுக்குள்ள விடுவாங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, கையை வேலுத்தாய் பக்கம் நீட்டினார். "இந்தா நிக்காகள்ல. பட்டாசுல இருந்தவுக. வெயில்லயே கெடந்தவுக."

அந்தப் பெண்ணின் பெயர் அனுப்பிரியா. மதுரைக்காரி, எஞ்சினியர், இருபத்தேழு வயது. இந்த மாவட்டத்தில் அடிக்கிற வெயிலில், வீட்டு மாடிகளில் மட்டும் சோலார் தகடு போட்டால் எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்கெடுக்க ஓர் அறக்கட்டளை அவளை அனுப்பியிருந்தது. விருதுநகர், சாத்தூர், காரியாபட்டி மூன்று இடத்திலும் வீடு வீடாக ஏறி அளக்க வேண்டும். மாசியில் தொடங்கி வைகாசிக்குள் முடிக்க வேண்டும். வேலுத்தாய் என்ன ஏது என்று கேட்கவில்லை. திங்கட்கிழமை வரச் சொன்னார்கள், போனாள்.

அவளுக்கு அப்போது நாற்பத்துமூன்று வயது. அச்சங்குளத்துக்குப் பக்கத்தில், அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகள் வரிசையாக நிற்கும் காலனியில் வீடு. அவளுடைய பாட்டன் காலம் வரை எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அவள் காலத்தில் எல்லாரும் பட்டாசுக்குப் போனார்கள். இருபத்தாறு வருஷம் அவள் காகிதக் குழாய் காயப்போடும் மேடையில் இருந்தாள். ஈரக் குழாய்களைத் தட்டில் அடுக்கி வெயிலில் வைப்பது, நிழல் நகர நகரத் தட்டையும் நகர்த்துவது, காய்ந்ததை உள்ளே சேர்ப்பது. கணவன் சங்கிலிமுத்து அதே கம்பெனியில் மருந்துப் பக்கம். பேன்சி ரகப் பட்டாசுக்குள் போகிற மணிமருந்தை உருட்டிக் காயவைப்பவன்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய சித்திரையில், மத்தியானம் இரண்டு மணிக்குக் காய்ந்துகொண்டிருந்த மருந்து தீப்பிடித்தது. நான்கு அறைகள் தரைமட்டமாயின. ஐந்து பேர் செத்தார்கள், சங்கிலிமுத்துவும் அதில். வேலுத்தாய் இருநூறு அடி தள்ளி, கையில் குழாய்த் தட்டோடு நின்றிருந்தாள். சத்தம் கேட்டதும் மற்ற பெண்கள் தட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அவள் தட்டை மேடையில் வைத்தாள். ஒரு குழாய்கூட உருளாதபடி வைத்தாள். பிறகு நடந்தாள்.

இதை ஊர் மறக்கவில்லை. "தட்டை அலுங்காம வச்சிட்டுத்தானே போனா" என்று அப்புறமும் பேசினார்கள். பெரியாஸ்பத்திரியில் இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாணை வைத்து அவள்தான் ஆளை அடையாளம் சொன்னாள். அப்போதும் அழவில்லை. துக்க வீட்டில் நாத்தனார் அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "அழுதுருங்க மதினி, உள்ள வச்சிக்கிடாதீக" என்று கெஞ்சினாள். அழக்கூடாது என்று அவள் வைராக்கியமாக இருக்கவில்லை. உள்ளே தேடிப் பார்த்தாள், அங்கே எடுத்துக் கொடுக்க ஒன்றும் இல்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். படுக்கச் சொன்னால் படுத்தாள். வந்த நிவாரணம் மகள் பாண்டிலட்சுமியின் நர்சிங் படிப்புக்குப் போயிற்று. கம்பெனி திறக்கவில்லை. வேறு கம்பெனிகளில் கூப்பிட்டார்கள். வருகிறேன் என்பாள், போகமாட்டாள்.

மாடி வேலை அவளுக்குச் சுலபமாக வந்தது. டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க வேண்டும், நீள அகலத்தைப் படிவத்தில் எழுத வேண்டும், தண்ணீர்த் தொட்டி எங்கே, மரம் எங்கே, எந்த மணிக்கு எந்தப் பக்கம் நிழல் விழும் என்று குறிக்க வேண்டும். மற்ற மூன்று பெண்களும் நிழலுக்கு, சூரியன் போகும் பாதையைக் காட்டும் ஒரு படத்தைப் போனில் திறந்து தடுமாறினார்கள். வேலுத்தாய் மாடியின் நடுவில் நின்று ஒருமுறை சுற்றிப் பார்ப்பாள். "மூணு மணிக்குத் தொட்டி நெழல் இந்தா, இந்தச் சுவரு மட்டும் வரும். தையில இன்னும் ரெண்டு முழம் கூட வரும்."

அனுப்பிரியா முதல் நாள் போனை வைத்துச் சரிபார்த்தாள். இரண்டாம் நாளும் பார்த்தாள். மூன்றாம் நாள் போனைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

"எப்படிக்கா?"

"குழாய் காயலைன்னா போர்மேன் ஏசுவாருல்ல மேடம்."

அவளிடம் கணக்கையும் அனுப்பிரியாதான் சொல்லிக்கொடுத்தாள். நிழல் இல்லாத நூறு சதுர அடிக்கு ஒரு கிலோவாட் தகடு. ஒரு கிலோவாட் என்றால் நாளுக்குச் சுமார் நாலு யூனிட். வேலுத்தாய் அதைப் பல்லவி போல மனதில் வைத்துக்கொண்டு, மாடியில் கால் வைத்ததும் எத்தனை யூனிட் என்று தானாகவே போட்டுப் பார்ப்பாள். அதில் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. எண்கள் ஓடுகிற நேரத்தில் தலைக்குள் வேறு எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

விருதுநகரில் வீட்டுக்காரர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஒரே குரலில் பதில் சொன்னாள். மழை பெய்தால் கரண்ட் வராதா? குறையும், அப்போது லைனில் இருந்து எடுத்துக்கொள்ளும். குரங்கு உடைத்துவிடாதா? சீக்கிரம் உடையாது. ஒரு வீட்டம்மா மட்டும் கடைசி வரை சமாதானமாகவில்லை.

"மாடி பூராத் தகட்டைப் போட்டுட்டா நான் மோர்மிளகாயை எங்கன காயப்போடுவேன்? கூழ்வத்தல் எங்கன ஊத்துவேன்?"

வேலுத்தாய் மாடியை இன்னொரு தரம் பார்த்தாள். "கிழக்கோரம் எட்டடி விட்டுருங்க. பதினோரு மணி வரைக்கும் அம்புட்டு வெயிலும் அங்கதான் விழும்" என்றாள். படிவத்தில் எட்டடி கழித்தே எழுதினாள்.

பங்குனி முடிகிற நேரத்தில் காரியாபட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனார்கள். அங்கே பெரிய வீடு ஒன்று பட்டியலில் இருந்தது. சுந்தரபாண்டி என்பவர் வீடு. நிலம் நீச்சு உள்ள குடும்பம். அவர் வயலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி வீரலட்சுமி வாசலுக்கு வந்தாள். அனுப்பிரியா பக்கத்து வீட்டில் பேச்சு முடியாமல் நின்றுகொண்டிருந்ததால் வேலுத்தாய் மட்டும் முன்னால் போயிருந்தாள்.

"மாடி அளக்கணும்மா. சோலாருக்கு."

"எந்த ஊரு?"

ஊரைச் சொன்னாள்.

"ஊருக்குள்ளயா, காலனியா?"

"காலனிதான்."

வீரலட்சுமி வீட்டுக்குள்ளே திரும்பிப் பார்த்தாள். மாடிப்படி வீட்டுக்குள்ளே, சாமி அறையை ஒட்டி ஏறியது. வாசலில் இருந்தே தெரிந்தது. பிறகு அவள், கோபமாக இல்லாமல், சாதாரணமாகத்தான் சொன்னாள். "பின்னால தேங்கா வெட்டுற ஏணி கெடக்கு. அத எடுத்துச் சாத்தி அங்கிட்டுக்கூடி ஏறிக்கோ."

வேலுத்தாய் பின்பக்கம் போனாள். மூங்கில் ஏணியைத் தூக்கிச் சுவரில் சாத்தினாள். செருப்பைக் கழற்றி ஏணிக்குக் கீழே ஓரமாக வைத்தாள். பட்டாசுக் கம்பெனியில் வாசலிலேயே செருப்பை விட்டுவிட வேண்டும். உள்ளே ஒரு உரசல்கூட ஆகாது. அந்தப் பழக்கம் அவளை விடவில்லை, எந்த வீட்டிலும் வெறுங்காலோடுதான் ஏறுவாள். ஆனால் மற்ற மாடிகளில் ஓடு பதித்திருக்கும், அல்லது சுண்ணாம்பு அடித்திருக்கும். இங்கே மழை ஒழுகாமல் இருக்க மாடி முழுவதும் கறுப்புத் தார்ஷீட் ஒட்டியிருந்தார்கள். மணி பன்னிரண்டரை.

சிறிது நேரத்தில் அனுப்பிரியா வீட்டுக்குள்ளிருந்து படியேறி, ஷூ போட்ட காலோடு, கையில் மோர் டம்ளரோடு வந்தாள். "நீங்க எப்படிக்கா வந்தீங்க? உள்ள பாக்கலையே."

"பின்னால ஏணி இருந்துச்சு மேடம்."

அனுப்பிரியா ஏணியை எட்டிப் பார்த்தாள். மோர் டம்ளரைப் பார்த்தாள். அதைக் குடிக்காமல் கைப்பிடிச் சுவர் மேல் வைத்தாள். "டேப்பைப் பிடிங்கக்கா" என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் அதுவரை அளந்ததில் அதுதான் பெரிய மாடி. இரண்டாயிரத்து நூறு சதுர அடி. தெற்கே ஒரு மறைப்பும் கிடையாது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு, அனுப்பிரியா சொன்ன இடத்தில் சொன்னபடி வேலுத்தாய் நின்றாள். வேலை முடிந்து அனுப்பிரியாவும் ஏணி வழியாகவே இறங்கினாள். ஏணியில் இறங்கிப் பழக்கம் இல்லாததால் ஒவ்வொரு படியாகக் காலால் துழாவி இறங்கினாள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது வேலுத்தாய் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். நிழற்குடையின் சிமெண்டுத் தரையில் ஈரமான அடித்தடங்கள் இருந்தன. அனுப்பிரியா முதலில் தண்ணீர் என்று நினைத்தாள். அப்புறம் குனிந்து பார்த்தாள்.

"அக்கா, காலைத் தூக்குங்க."

இரண்டு உள்ளங்கால்களிலும் தோல் கொப்பளித்து, கொப்பளம் உடைந்து, செருப்போடு ஒட்டி உரிந்திருந்தது. அனுப்பிரியா அங்கேயே ஆட்டோ பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் சர்க்கரை பார்க்கச் சொன்னார். சர்க்கரை இல்லை. ஊசி முனையால் விரல்களைத் தொட்டுப் பார்த்தார்.

"குத்துறது தெரியுதா?"

"தெரியுது சார்."

"பஞ்சு வைக்கிறது?"

"தெரியுது."

"அப்புறம் எப்படிம்மா இம்புட்டு நேரம் நின்னீங்க? சுடுறது தெரியலையா?"

வேலுத்தாய் யோசித்தாள். கேட்டவருக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தே யோசித்தாள். "சுட்டுச்சு சார். நல்லாவே சுட்டுச்சு. காலை எடுக்கணும்னு தோணல."

டாக்டர் பேனாவை மூடினார். பிறகு திறந்து களிம்புக்கு எழுதினார். அதற்குக் கீழே, புதன்கிழமைதோறும் வருகிற மனநல டாக்டரைப் பார்க்கும்படி ஒரு வரி எழுதினார். அனுப்பிரியா வெளியே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். வேலுத்தாய் கட்டுப்போட்ட காலோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

பதினைந்து நாள் வேலைக்கு வரக்கூடாது என்று அனுப்பிரியா சொல்லிவிட்டாள். வேலுத்தாய் வீட்டு வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். புதன்கிழமை டாக்டரை இரண்டு தரம் போய்ப் பார்த்தாள். அவர் மாத்திரை கொடுத்தார், போட்டாள். மற்ற நேரமெல்லாம் தெருவைப் பார்த்தாள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, இந்தத் தெருவில் எங்கேயும் நிழல் இல்லை என்பது அவள் கண்ணில் பட்டது. பிறந்ததிலிருந்து பார்க்கிற தெரு. எல்லாம் ஒரே உயரக் கான்கிரீட் கூரை. மாடி எழுப்ப யாருக்கும் வசதி இல்லை. மரம் வைக்க இடம் விடவில்லை. காலை ஏழு மணிக்குக் கூரை மேல் விழுகிற வெயில் சாயங்காலம் வரை இறங்குவதே இல்லை.

அவள் போனில் அனுப்பிரியாவைக் கூப்பிட்டாள். "நம்ம பட்டியல்ல எங்க காலனி இல்லையே மேடம்."

"இல்லக்கா. இருநூறு யூனிட்டுக்கு மேல ஓடுற வீடுகளை மட்டும்தான் எடுத்தோம். உங்க பக்கம் நூறு யூனிட்டுக்குள்ளதான ஓடும், அது இலவசம். சோலார் போட்டா அவங்களுக்கு ஒண்ணும் மிச்சமாகாதே."

"அளந்தா தப்பா?"

"தப்பில்லக்கா. படிவம் அனுப்பி வைக்கிறேன்."

கால் ஆறியதும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுச் செல்வலட்சுமி டேப்பின் மறுமுனையைப் பிடித்தாள். அவளும் பட்டாசுக்குப் போகிறவள்தான்; ஞாயிறு மட்டும் லீவு.

"பில்லே வராத வீட்டுக்குச் சோலார் எதுக்கு மதினி?"

"எதுக்குன்னு தெரியல. நீ இழுத்துப் பிடி."

கூரைக்குப் படி கிடையாது. ஏணியை வீடு வீடாகத் தூக்கிப் போனார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள். நீளம், அகலம், நிழல். நிழல் என்ற இடத்தில் அறுபத்திரண்டு தாளிலும் 'இல்லை' என்று எழுதினாள். குடும்பத் தலைவர் பெயர் என்ற இடத்தில் மின்சார அட்டையில் இருந்த பெயரைப் பார்த்து எழுதினாள். முப்பத்தாறாவது தாள் அவளுடைய வீடு. அட்டை இன்னும் பழைய பெயரிலேயே இருந்தது. அதைப் பார்த்து எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஏணியைத் தூக்கினாள்.

கூட்டிப் பார்த்தபோது, வீட்டுக்கு ஒரே ஒரு கிலோவாட் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு இருநூற்று நாற்பத்தெட்டு யூனிட் வந்தது. அந்தச் சுந்தரபாண்டி வீட்டு மாடியில் வருவதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அனுப்பிரியா அதைத் தனிப் பக்கமாகவே அறிக்கையில் சேர்த்தாள். 'நிழலே இல்லாத தெரு' என்று தலைப்பும் போட்டாள்.

ஆடியில் அறிக்கை அச்சாகி வந்தது. பளபளப்பான தாள், முன்னட்டையில் விருதுநகர் மாடி ஒன்று. அனுப்பிரியா நேரில் கொண்டுவந்து கொடுத்தாள். வேலுத்தாய் முதலிலிருந்து கடைசி வரை புரட்டினாள்.

"எங்க தெரு இல்லையே."

"மேலிடத்துல அந்தப் பக்கத்தை எடுத்துட்டாங்கக்கா. வாங்குற ஆள் இல்லாத இடத்தைப் போட்டா அறிக்கை பலவீனமாயிடுமாம். நான் சொல்லிப் பார்த்தேன்."

வேலுத்தாய் புத்தகத்தை மூடினாள். காது மடல் சூடாவது தெரிந்தது. அது என்ன என்று உடனே பிடிபடவில்லை. மூன்று வருஷமாக அவளுக்குக் கோபம் வந்ததே இல்லை.

"நான் எழுதுன தாளெல்லாம் எங்க?"

"ஆபீஸ்ல இருக்கு."

"அதை எங்கிட்டக் குடுத்துருங்க. அறுபத்திரண்டையும்."

சுதந்திர தினத்தன்று ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் பந்தல் போட்டு கிராமசபை நடந்தது. வேலுத்தாய் அதற்கு முன் போனதில்லை. தாள்களை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனாள். காலனிக்குக் குடிதண்ணீர் மோட்டார் சரியாக ஓடவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று ஆளாளுக்குப் பேசி முடித்திருந்தார்கள். மின்கட்டணமே ஊராட்சியை விழுங்குகிறது என்று தலைவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வேலுத்தாய் எழுந்து நின்றாள்.

"எங்க தெருக் கூரையில கரண்டு எடுக்கலாம். மோட்டாருக்கும் காணும், வெளக்குக்கும் காணும்."

"யாரு சொன்ன கணக்கு இது?" என்றார் ஊராட்சிச் செயலர்.

"நான் அளந்தது."

"நீங்களா? எல்லா வீட்டையுமா?"

"எல்லா வீட்டையும்."

"எங்கே, வாசிங்க."

அவர் ஒப்புக்குத்தான் சொன்னார். வேலுத்தாய் பையிலிருந்து தாள்களை எடுத்து முதல் தாளிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். பெயர், நீளம், அகலம், நிழல் இல்லை. பெயர், நீளம், அகலம், நிழல் இல்லை. பத்தாவது தாளில் யாரோ சிரித்தார்கள். இருபதாவது தாளில் சிரிப்பு நின்றது. தங்கள் பெயர் வரும்போது ஒவ்வொருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முப்பத்தாறாவது தாள் வந்ததும் அவள் குரல் நின்றுபோயிற்று.

பந்தலில் இருந்த காலனிக்காரர்கள் எல்லாருக்கும் அது யார் வீடு என்று தெரியும். பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியதில் அவள் அந்தப் பெயரை ஒருமுறையும் வாயால் சொன்னதில்லை. கூப்பிட வேண்டுமென்றால் "பாண்டிலட்சுமி அப்பா" என்பாள். ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டபோதுகூட எழுதித்தான் கொடுத்தாள்.

செல்வலட்சுமி மெல்ல எழுந்து, "நான் வாசிக்கட்டா மதினி?" என்று கை நீட்டினாள்.

வேலுத்தாய் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சங்கிலிமுத்து" என்று வாசித்தாள். "பதினெட்டடி. பதினஞ்சடி. நெழல் இல்லை."

தாளின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. அதைச் சேலைத் தலைப்பால் ஒற்றிவிட்டு முப்பத்தேழாவது தாளை எடுத்தாள். அறுபத்திரண்டு வரைக்கும் வாசித்தாள். முடிக்கிற வரை யாரும் எழுந்து போகவில்லை. தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அன்று வீட்டுக்கு வந்து முந்தின நாள் குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வரை தூங்கினாள்.

தீர்மானம் எங்கெங்கோ போய் வந்தது. பத்து மாதம் கழித்து அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். அறுபத்திரண்டு கூரைக்கும் கிடைக்கவில்லை. அங்கன்வாடிக் கூரையிலும் அதை அடுத்த ஐந்து வீட்டுக் கூரைகளிலும் தகடு போட்டு, குடிதண்ணீர் மோட்டாருக்கு இணைத்தார்கள். தெருவிளக்குக்கு அடுத்த வருஷம் என்றார்கள்.

அதற்குள் வேலுத்தாய் விருதுநகரில் தனுஷ்கோடி என்ற ஒப்பந்தக்காரரிடம் சோலார் மாட்டும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எந்தச் சரிவில் தகட்டைச் சாய்க்க வேண்டும் என்பதில் அவர் அவளைக் கேட்காமல் போல்ட்டு முடுக்குவதில்லை. தொழில் கற்ற ஆண்கள் இரண்டு பேருக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. புதன்கிழமை டாக்டரை மாதம் ஒருமுறை பார்க்கிறாள். எப்படி இருக்கிறீர்கள் என்று அவர் கேட்டால், "இருக்கேன் சார்" என்பாள். சில மாதங்களில் அதோடு இன்னும் ஒரு வரி சொல்வாள்.

காலனியில் மோட்டாரை முதன்முதலாக ஓட்டிய அன்று அவள் ஊரில் இல்லை. விருதுநகரில், நாலாம் மாடி ஒன்றில் கம்பி இழுத்துக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்குப் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தபோது தெருக் குழாயடியில் செல்வலட்சுமி நின்றிருந்தாள்.

"காலையில பத்து மணியில இருந்து வருது மதினி. எல்லாரும் புடிச்சாச்சு. உங்க குடத்தையும் நிரப்பி வாசல்ல வச்சிருக்கேன்."

"சரி" என்றாள் வேலுத்தாய். வாசலில் இரண்டு குடம் நிரம்பியிருந்தன. ஒன்றை உள்ளே எடுத்து வைத்தாள். மற்றதில் ஒரு செம்பு மொண்டு முகம் கழுவிக்கொண்டு, அரிசி களையப் போனாள்.